நிலா ஒழுங்கில்லாமல் உதிப்பதுபோல் ஏன் தெரிகிறது?

கேள்வி கேட்டவர் சென்னை திருவான்மியூரில், கிழக்கே கடல் தெரியும் ஒரு மாடியில் இருந்து சில மாதங்களாக நிலா உதிப்பதைக் கவனித்து வருகிறார். சூரியன் உதிக்கும் இடம் மெல்ல மெல்ல நகர்வது அவருக்குப் புரிகிறது. நிலாவோ ஒரு மாதம் இடப்பக்கம், இன்னொரு மாதம் வலப்பக்கம் என்று தாவுகிறது. தினமும் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும் என்று பள்ளியில் படித்ததும் பொருந்தவில்லை: சில நாள் 40 நிமிடம், சில நாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல். போதாததற்கு, கோவையில் இருக்கும் தம்பிக்குக் காலண்டரில் போட்ட நேரமே ஒத்துவரவில்லையாம். கேள்விகள் மூன்று போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். நிலாவின் ஓட்டத்துக்கு விதி உண்டா? உண்டென்றால், பொறுமையாகப் பார்ப்பவருக்கும் அது ஏன் பிடிபடுவதில்லை? கோளரங்கத்தில் விளக்கம் சொல்லியும் பள்ளி மைதானங்களில் தொலைநோக்கி வைத்துக் காட்டியும் பல வருடங்கள் ஓடிவிட்டன. இவ்வளவு கவனமாகப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 13 டிகிரி. நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா ஒவ்வொரு நாளும் கிழக்கு நோக்கி நகரும் சராசரித் தூரம் இது. கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. ஆக, ஒரு முஷ்டியும் இன்னும் கொஞ்சமும். இரவில் எல்லாமே கிழக்கிலிருந்து மேற்கே போவது பூமி சுற்றுவதால் வரும் தோற்றம். அதற்கு எதிர்த்திசையில் நிலா தன் சொந்த நடையை நடந்துகொண்டே இருக்கிறது. இதை ஒரே இரவில் பார்க்கலாம். நிலாவுக்குப் பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் ஏதாவது இருக்கும் நாளில் எட்டு மணிக்கு ஒருமுறை, பதினொரு மணிக்கு ஒருமுறை இடைவெளியைப் பாருங்கள். நிலா தன் அகலத்தை ஒரு மணி நேரத்தில் கடக்கிறது, எனவே மூன்று மணி நேரத்தில் மூன்று நிலா அளவு நகர்ந்திருக்கும். ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.3 நாள் ஆகிறது. அசுவினி, பரணி என்று நாம் 27 நட்சத்திரங்களை எண்ணுவதும் இந்த நடையோடு பொருந்துகிறது. 360 டிகிரியை 27-ஆல் வகுத்தால் 13 டிகிரி 20 கலை (60 கலை ஒரு டிகிரி), ஏறக்குறைய நிலாவின் ஒரு நாள் பயணம்.

இப்போது தாமதத்துக்கு வருவோம். நேற்று நிலா உதித்த அதே நேரத்துக்குப் பூமி இன்று திரும்பி வரும்போது நிலா 13 டிகிரி கிழக்கே போயிருக்கும். இதற்குள் சூரியனும் ஒரு டிகிரி நகர்ந்திருக்கும். நம் கடிகாரம் சூரியனை வைத்து ஓடுவதால் அந்த ஒரு டிகிரி கழிந்துவிடுகிறது. மீதி 12 டிகிரியையும் பூமி கூடுதலாகத் திரும்பியாக வேண்டும், அந்த நேரத்தில் நிலா இன்னும் சிறிது நகர்ந்திருக்கும். எல்லாம் சேர்ந்தால் சராசரி 50 நிமிடம். பள்ளியில் சொன்னது பொய்யல்ல. ஆனால் சராசரி என்ற சொல்லைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. சென்னையில் இந்தத் தாமதம் சுமார் 35 நிமிடத்துக்கும் 65 நிமிடத்துக்கும் இடையே ஊசலாடும். நிலாவின் பாதை வானத்தில் நேர்கிழக்காகப் போவதில்லை என்பது ஒரு காரணம். பாதையின் சில பகுதிகளில் அது சாய்வாக வடக்கேயோ தெற்கேயோ ஏறி இறங்குகிறது. அந்த நாட்களில் 13 டிகிரியில் ஒரு பங்கு வடக்கு தெற்குப் பயணத்தில் செலவாகிவிடும், கிழக்கே நகர்வது குறையும், தாமதமும் குறையும். பாதையின் வடகோடியிலும் தென்கோடியிலும் நிலா நேர்கிழக்காகவே போவதால் தாமதம் கூடும். லண்டன் போன்ற இடங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. அங்கே செப்டம்பர் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தாமதம் 20 நிமிட அளவுக்கு இறங்கிவிடும்.

இன்னொரு காரணம் நிலாவின் வேகமே மாறுவது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் உதிக்கும் இடத்தைப் பார்த்துவிடுவோம்.

சூரியன் வடக்கே போய்த் தெற்கே திரும்ப ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஜூன் மாதக் கடைசியில் அது நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி இடப்பக்கமும், டிசம்பர் கடைசியில் அதே அளவு வலப்பக்கமும் உதிக்கும். நிலாவும் ஏறக்குறைய அதே பாதையில்தான் போகிறது. சூரியன் ஒரு வருடத்தில் செய்வதை நிலா 27 நாளில் செய்து முடிக்கிறது, அவ்வளவுதான். வடகோடியிலிருந்து தென்கோடிக்கு இரண்டே வாரம். நேர்கிழக்கைத் தாண்டும் நாட்களில் உதிக்கும் இடம் ஒரே நாளில் அரை முஷ்டிக்கு மேல் நகரும். கோடிகளில் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றுவிட்டதுபோல் இருக்கும்.

சரி, இவ்வளவு சீரான ஊசலாட்டம் உங்களுக்கு ஏன் தாவலாகத் தெரிந்தது? நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். நீங்கள் அதன் முழு ஊசலாட்டத்தையும் பார்க்கவே இல்லை. நிலா உதிப்பதை மாடியில் நின்று பார்க்கத் தோதான நாட்கள் பௌர்ணமியும் அதை ஒட்டிய நாலைந்து மாலைகளும்தான். மற்ற நாட்களில் அது வெயிலில் உதிக்கிறது, அல்லது நீங்கள் தூங்கிய பிறகு உதிக்கிறது. ஊசலாட்டத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு துண்டு மட்டும் உங்கள் கண்ணில் படுகிறது, அந்தத் துண்டும் மாதத்துக்கு மாதம் வேறு.

அது எந்தத் துண்டு என்பதற்கும் விதி உண்டு. பௌர்ணமி என்றால் நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிறது. மார்கழியில் சூரியன் தென்கோடியில் இருப்பதால் பௌர்ணமி நிலா வடகோடிக்குப் போய்விடும். திருவாதிரைத் திருநாள் நிலா உங்களுக்கு நன்றாக இடப்பக்கம் உதித்து, நள்ளிரவில் தலைக்கு மேலே சற்று வடக்கே நிற்கும். அந்த நேரத்தில் மொட்டை மாடியில் நின்றால் உங்கள் நிழல் தெற்கே விழும். ஆனிப் பௌர்ணமி இதற்கு நேர்மாறு: கேட்டை, மூலம் பக்கத்தில், வலப்பக்கமாக உதித்துத் தெற்கு வானத்திலேயே சுற்றிவிட்டு மறையும். பங்குனியிலும் புரட்டாசியிலும் பௌர்ணமி நேர்கிழக்கை ஒட்டி வரும். அந்த மாதங்களில்தான் நகர்வு வேகமாக இருக்கும் என்று மேலே சொன்னேன். பங்குனியில் ஒவ்வொரு மாலையும் வலப்பக்கம் நகரும், புரட்டாசியில் இடப்பக்கம் நகரும். உங்கள் குறிப்புகளில் மாதப் பெயரைச் சேர்த்துப் பாருங்கள், தாவலாகத் தெரிந்தது பெரும்பாலும் வரிசைக்கு வந்துவிடும்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம், நிலாவின் பாதை சூரியனின் பாதையோடு அப்படியே ஒட்டிப் போவதில்லை. அதற்கு 5 டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் ராகு, கேது என்கிறோம். சூரியனின் ஈர்ப்பு இந்தச் சாய்ந்த பாதையை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்கின்றன. முழுச் சுற்றுக்கு 18.6 வருடம். பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஒன்றரை வருடத்துக்குச் சற்று அதிகம். ராகு கேதுப் பெயர்ச்சி ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை வருவது இதனால்தான். பலன்களைப் பற்றி நான் பேசவில்லை; நகர்வு மட்டும் அப்பட்டமான வானியல்.

சூரியன் வான நடுக்கோட்டிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் 23.4 டிகிரி வரை விலகும். இந்த 18.6 வருடச் சுற்றில் 5 டிகிரி ஒரு காலத்தில் அதோடு கூடுகிறது, இன்னொரு காலத்தில் கழிகிறது. கூடும்போது நிலா வடக்கேயும் தெற்கேயும் 28.5 டிகிரி வரை போகும், கழியும்போது 18 டிகிரியைத் தாண்டியதும் திரும்பிவிடும். உங்கள் மாடிக்கு இதைக் கணக்கிட்டால், கூடும் காலத்தில் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து 29 டிகிரி வரை, அதாவது மூன்று முஷ்டி தூரம் விலகும். கழியும் காலத்தில் 19 டிகிரி, இரண்டு முஷ்டிக்கும் குறைவு. ராகு மீனத்தில் இருந்த 2023 இறுதி முதல் 2025 நடுப்பகுதி வரையான காலம் இந்த விலகலின் உச்சம். அதற்கு முந்தைய உச்சம் 2006-ல் வந்தது. 2024 டிசம்பர் பௌர்ணமி நிலா சென்னையில் உச்சந்தலையைத் தாண்டி 15 டிகிரி வடக்கே போனது. 2025 ஜூன் பௌர்ணமி நிலா வானில் பாதி உயரத்துக்கு மேல் அதிகம் ஏறவில்லை. லண்டனில் அதே நிலா அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்திலேயே ஊர்ந்துபோனது. இனி ஊசலாட்டம் சுருங்கிக்கொண்டே போய் 2034 வாக்கில் மிகக் குறுகும், அடுத்த உச்சம் 2043-ல். சூரியன் உதிக்கும் எல்லையைத் தாண்டியும் நிலா உதிப்பதைப் பார்த்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்களே, அது கண்மயக்கம் அல்ல. நீங்கள் பார்க்கத் தொடங்கியது நல்ல காலம்.

இதே சாய்வு ரோகிணியோடும் ஒரு விளையாட்டு நடத்துகிறது. ரோகிணி சூரியனின் பாதைக்கு ஐந்தரை டிகிரி தெற்கே இருக்கிறது, நிலா எட்டக்கூடிய எல்லையின் விளிம்பில். 18.6 வருடத்தில் மூன்றரை வருட அளவுக்கு மட்டும் நிலா ஒவ்வொரு மாதமும் ரோகிணியை மறைத்துக்கொண்டு போகும். பூமியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து அது தெரியும். கடைசியாக 2015 ஜனவரி முதல் 2018 செப்டம்பர் வரை அப்படி நடந்தது. பிறகு பல வருடம் நிலா தள்ளியே போகும். இருபத்தேழு மனைவியரில் சந்திரனுக்கு ரோகிணியிடம்தான் பிரியம் அதிகம் என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதை இந்த மறைப்பைப் பார்த்துப் பிறந்ததா என்பது ஊகம், நிரூபிக்க வழியில்லை. மறைப்பு நடப்பது மட்டும் உறுதி.

இப்போது வேகம். நிலாவின் பாதை நீள்வட்டம். பூமியை மிகவும் நெருங்கும்போது ஏறத்தாழ 3,57,000 கிலோமீட்டரிலும், மிகவும் விலகும்போது 4,06,000 கிலோமீட்டருக்கு மேலும் இருக்கும். அருகில் வரும்போது ஒரு நாளில் 15 டிகிரி வரை ஓடும், தூரத்தில் 12 டிகிரியோடு நின்றுகொள்ளும். இதைக் காண தொலைநோக்கி வேண்டாம், வீட்டில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். சூரியனுக்கும் நிலாவுக்கும் இடைவெளி 12 டிகிரி கூடினால் ஒரு திதி. திதி முடியும் நேரங்களைப் பத்து நாளைக்குக் குறித்துவைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். சில திதிகள் 20 மணி நேரத்தில் முடிந்துவிடும், சில 26 மணி நேரத்தைத் தாண்டும். திதி சுருங்கும் வாரத்தில் நிலா நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீளும் வாரத்தில் தூரத்தில் இருக்கிறது. காலண்டர் தாளைக் கிழிப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம் உண்டு.

இந்த வேக மாற்றத்தை நம் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர்கள் கையாண்ட விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வேகத்தின் ஒரு சுற்று 27.55 நாள். ஒன்பது சுற்று சேர்ந்தால் மிகச்சரியாக 248 நாள் என்று சொல்லிவிடலாம். எனவே அந்த 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும் என்பதை 248 வாக்கியங்களாக, எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்துவைத்த சிறு சொற்றொடர்களாக ஆக்கி மனப்பாடம் செய்தார்கள். வரருசி என்ற பழங்கால அறிஞரின் பெயரால் வழங்கும் இந்த வாக்கியங்கள் தமிழகத்திலும் கேரளத்திலும் புழங்கின; வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இந்த முறையால்தான். முதல் வாக்கியம் தரும் எண் 12 டிகிரி 3 கலை: நிலா மிகத் தூரத்தில், மிக மெதுவாகப் போகும் நாளின் நகர்வு. ஜான் வாரன் என்பவர் 1825-ல் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, எழுத்தில் எதையும் பார்க்காமல், அந்த வருடம் வரவிருந்த சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினாராம். தொடக்க நேரம் சுமார் நான்கு நிமிடமே பிசகியது. முடிவு நேரம் ஐம்பது நிமிட அளவுக்குப் பிசகியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் நவீனக் கணக்கைக் கொண்டவை, அதனால்தான் இரண்டு பஞ்சாங்கங்களிலும் திதி முடியும் நேரம் சில சமயம் மணிக்கணக்கில் வேறுபடுகிறது. வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் திருக்கணிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகம் மாறுவதற்கு நிலாவின் முகத்திலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. நிலா தன்னைத்தானே சுற்றுவது ஒரே சீரான வேகத்தில், நம்மைச் சுற்றுவது மாறும் வேகத்தில். இரண்டும் மாதத்துக்கு ஒரு சுற்றுதான் என்றாலும் நடுவில் சற்று முன்பின் ஆகும், அப்போது நிலா முகத்தை இடமும் வலமும் 8 டிகிரி வரை திருப்பிக் காட்டுவதுபோல் தெரியும். மேலும் கீழும் ஓர் அசைவு உண்டு. இவற்றின் புண்ணியத்தில் காலப்போக்கில் நிலாவின் 59 சதவீதத்தைப் பார்த்துவிடுகிறோம். முழுநிலாவின் விளிம்பருகே தனியாக ஒரு கரும் நீள்வட்டத் திட்டு இருக்கும், மேர் கிரைசியம் என்று பெயர். சாதாரண பைனாகுலரில் அதற்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை மாதா மாதம் பாருங்கள். ஒரு மாதம் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு மாதம் நன்றாக உள்ளே வந்திருக்கும்.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நிலா எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பதில் இன்று சந்தேகமே இல்லை. அப்போலோ பயணங்களில் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசரைப் பட்டுத் திரும்ப வைத்து, தூரத்தைச் சென்டிமீட்டர் அளவுக்கு அளக்கிறார்கள். ஆனால் அது உங்கள் கண்ணுக்கு எப்போது தெரியும் என்பது காற்றைப் பொறுத்தது. அடிவானத்துக் காற்று ஒளியை வளைத்து எதையும் அரை டிகிரிக்கு மேல் தூக்கிக் காட்டும். அந்த அளவு வெப்பநிலையோடு மாறும். சூரியன் உண்மையில் உதிக்கும் முன்பே தெரிந்துவிடுவது இதனால்தான். நிலாவில் ஒரு வேடிக்கை உண்டு. அது அவ்வளவு பக்கத்தில் இருப்பதால், பூமியின் மையத்தில் இல்லாமல் மேற்பரப்பில் நிற்கும் நமக்கு அடிவானத்தில் கிட்டத்தட்ட ஒரு டிகிரி கீழே தெரிகிறது. காற்று தூக்குவதைவிட இது அதிகம், எனவே நிலா கொஞ்சம் தாமதித்தே தலைகாட்டும். காலண்டரில் உள்ள நேரத்தில் இவையெல்லாம் சராசரியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆனால் கணக்கைக் குறை சொல்ல வேண்டாம். கடல் மேல் புகைமூட்டம் இருந்தால் பத்து நிமிடம்கூட ஆகும். முதல் பிறை விஷயமும் இப்படித்தான். அமாவாசை நொடியைத் துல்லியமாகச் சொல்லலாம், சூரியனுக்கு 7 டிகிரிக்குள் இருக்கும் நிலாவில் பிறையே தெரியாது என்றும் பொதுவாகச் சொல்லலாம். அதைத் தாண்டிய மெல்லிய பிறை இன்று மாலை இந்த ஊரில் கண்ணுக்குத் தெரியுமா என்பதை யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஸ்காட்லாந்தின் காலனிஷ் கல்வட்டம் 18.6 வருட உச்சத்தை நோக்கிக் கட்டப்பட்டது என்று நிறையப் படிப்பீர்கள். உச்ச காலத்தில் அங்கே நிலா தெற்கு மலைகளை உரசிக்கொண்டு போவது உண்மை. கட்டியவர்கள் அதற்காகத்தான் கட்டினார்களா என்பதில் தொல்லியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கடைசியாகக் கோவைத் தம்பி. சென்னைக்கும் கோவைக்கும் தீர்க்கரேகையில் 3.3 டிகிரி வித்தியாசம். பூமி அவ்வளவு திரும்ப 13 நிமிடம், அதற்குள் நிலா நகர்ந்துவிடுவதால் இன்னும் அரை நிமிடம். சென்னைக்குப் போட்ட காலண்டர் நேரத்தோடு அவர் ஏறக்குறைய 14 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். நிலா வடகோடியிலோ தென்கோடியிலோ இருக்கும் நாட்களில், அட்சரேகை வித்தியாசத்தால் இதில் நாலைந்து நிமிடம் கூடும் குறையும். அப்புறம், கிழக்கே கடல் இல்லாத ஊரில் கட்டடமும் மரமும் குன்றும் மறைப்பதால் நிலா கண்ணில் படுவது இன்னும் தள்ளிப்போகும். அவர் தன் மாடியிலிருந்து அடிவானம் எத்தனை விரல் உயரத்துக்கு மறைந்திருக்கிறது என்று பார்க்கட்டும். நீட்டிய கையில் சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல் சேர்த்தால் கணக்கு ஒத்துவரும்.